தடிமன் பிடிக்காத வீடு

தடிமனை ஒரு நோய் என்று எங்கள் ஊரில் அதுவரை யாரும் மதித்ததில்லை. மாரி பிறந்தால் தவளை கத்தும், மூக்கு ஒழுகும். இரண்டையும் நிறுத்தச் சொல்லி எவரும் எங்கும் மனுக் கொடுத்ததில்லை. மல்லித் தண்ணீரைக் குடித்து, சாரத்தின் தலைப்பில் மூக்கைச் சீறிவிட்டு, வயலுக்குப் போய்விடுவோம். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு மார்கழியில் வட்டக்கச்சியில் தடிமன் வழமையைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பரவியது. உடனே ஒரு குழு அமைத்தார்கள். அதன் பிறகுதான் எங்களுக்கு நிலைமையின் பாரதூரம் விளங்கியது.

குழுவின் பெயர் ‘கிராமியத் தடிமன் தடுப்பு, ஒழிப்பு மற்றும் விழிப்பூட்டல் நடவடிக்கைகளுக்கான இணைப்புக் குழு’. மூக்கு அடைபடாத ஒருவரால்தான் அதை ஒரே மூச்சில் சொல்ல முடியும். குழுவில் இருந்த எவரும் அதை முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

தலைவர் செல்வநாயகம், ஓய்வுபெற்ற அதிபர். வாசிகசாலைக்கும் அவர்தான் தலைவர், வாய்க்கால் துப்புரவுக்கும் அவர்தான் தலைவர், மரணச் சகாய சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அவர் தலைமை தாங்காமல் ஊரில் ஒருவர் சாகவும் முடியாது. செயலாளர் வீரையா. குடை, பேனை, கடதாசி மட்டை மூன்றும் இல்லாமல் அவரை அவருடைய மனைவிக்கே அடையாளம் தெரியாது.

முதற்கூட்டம் சங்கக்கடைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் நடந்தது. வருகை கட்டாயம். தடிமன் உள்ளவர்கள் கணக்கெடுப்புக்காக வரவேண்டும். இல்லாதவர்கள் எப்படித் தப்பிப்பது என்று அறிந்துகொள்ள வரவேண்டும். வெளியே மழை சோவென்று கொட்டியதால் கதவு, யன்னல் எல்லாவற்றையும் பூட்டினார்கள். போர் வந்து மின்சாரம் ஊரைவிட்டுப் போய் வருசக் கணக்காகிவிட்டது. கவிழ்த்து வைத்த சைக்கிளின் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட காலம் அது. ஒலிபெருக்கிக்கும் அதே ஏற்பாடுதான். பெடலைச் சுற்ற செல்வராசா என்ற பெடியனை இருத்தியிருந்தார்கள். அவனுக்கும் நல்ல தடிமன்.

தலைவர் எழுந்தார். “அன்பான பொதுமக்களே, தடிமன் எப்பிடிப் பரவுது? ஒருத்தருக்குக் கிட்ட இன்னொருத்தர் இருக்கிறதாலதான் பரவுது. இதை நீங்கள் எல்லாரும் வடிவா விளங்கிக்கொள்ள வேணும். பின்னுக்கு நிக்கிற ஆக்களுக்குக் கேக்காது, முன்னுக்கு வந்து நெருங்கி இருங்கோ.”

நெருங்கி இருந்தோம். தலைவர் தொடர்ந்து, தடிமனைத் தடுக்க மூன்றே மூன்று வழிகள்தான் உண்டு என்றார். “முதலாவது…” என்று அவர் தொடங்க, செல்வராசா தும்மினான். பெடல் நின்றது. ஒலிபெருக்கி செத்தது. அவன் மூக்கைத் துடைத்துவிட்டு மறுபடியும் சுற்றத் தொடங்கியபோது, “…இந்த மூண்டையும் கடைப்பிடிச்சால் தடிமன் எங்களைக் கண்டு ஓடும்” என்று தலைவரின் குரல் திரும்பி வந்தது. எல்லோரும் கைதட்டினோம். அந்த மூன்று வழிகளும் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கூட்டம் முடிந்தபோது உள்ளவர், இல்லாதவர் என்ற பேதம் அநேகமாக ஒழிந்திருந்தது.

தலைவருக்கும் மூக்கு ஒழுகியது. ஆனால் தடிமன் ஒழிப்புக் குழுவின் தலைவருக்குத் தடிமன் வருவது நிர்வாக முறைப்படி சாத்தியமில்லை. அவருக்கு வந்திருப்பது ‘தொண்டை அலுப்பு’ என்று வீரையா கூட்டக் குறிப்பில் பதிந்தார். அதன்பிறகு தலைவர் தும்மும்போதெல்லாம் பக்கத்தில் நிற்பவர்கள் “தொண்டை அலுப்பு” என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டார்கள்.

இரண்டாம் கட்டம் கைகழுவும் செயல்முறை விளக்கம். பொருளாதாரத் தடையால் சவுக்காரம் வவுனியாவுக்கு இந்தப் பக்கம் அருந்தலாகவே கிடைத்த காலம். எங்கள் வீடுகளில் உடுப்புத் தோய்க்கப் பனம்பழக் களி, கை கழுவச் சாம்பல். குழு எப்படியோ பாடுபட்டு ஒரு சிவப்புச் சவுக்காரக் கட்டியை எடுப்பித்தது. அதை வெள்ளித் தட்டத்தில் வைத்து, பட்டுத்துணியால் மூடி, குத்துவிளக்கு ஏற்றி, தலைவர் திரைநீக்கம் செய்தார். சனம் எட்டி எட்டிப் பார்த்தது. சிலர் மணந்தும் பார்த்தார்கள். ஒருவர் மூக்கை வைத்த இடத்தில் மற்றவரும் வைத்தார். கழுவினால் கரைந்துவிடும், பிறகு அடுத்த ஊருக்கு எதைக் காட்டுவது என்பதால், தலைவர் தண்ணீரும் தொடாமல் சவுக்காரமும் தொடாமல் கையைக் காற்றில் தேய்த்துக் காட்டினார். நாங்களும் காற்றில் தேய்த்தோம். பிறகு கட்டி அலுமாரிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது.

மூன்றாம் கட்டம் கைக்குட்டை விநியோகம். துணி போதாததால் ஒரு வாய்க்கால் தெருவுக்கு ஒரு கைக்குட்டை என்று ஒதுக்கினார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள் முறை. நாங்கள் வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பழகியவர்கள் என்பதால் இதிலும் ஒழுங்கு தவறவில்லை. எங்கள் தெருக் கைக்குட்டை என் வீட்டு முறைக்கு வந்து சேர்ந்தபோது அதைத் தொட எனக்கு மனம் வரவில்லை. வேலிக் கதியாலில் தொங்கவிட்டு, அடுத்த நாள் ஒரு தடியால் தூக்கிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன்.

எங்கள் தெருவில் அந்தக் கைக்குட்டை போகாத வீடு ஒன்றே ஒன்றுதான். அது யோகலிங்கத்தின் வீடு.

யோகலிங்கமும் கமலாசனியும் கலியாணம் கட்டி ஒன்பது வருசம் பிள்ளை இல்லாமல் இருந்து, போகாத கோயில் இல்லை, வைக்காத நேர்த்தி இல்லை என்று திரிந்து, கார்த்திகையில் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றார்கள். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை. உள்ளங்கையில் வைத்தால் மிச்ச இடம் இருக்கும். ஆஸ்பத்திரியில் இருந்து விடும்போது டொக்டர் யோகலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

“மெலிஞ்ச பிள்ளை. ஒரு மூண்டு நாலு மாசத்துக்குத் தடிமன் தொத்தவிடாமல் பாத்துக்கொள்ளுங்கோ. தடிமன் உள்ள ஆக்களைக் கிட்ட விடாதேங்கோ. நெஞ்சுக்கை சளி இறங்கிச்சுதெண்டால், இப்பத்தைய நிலைமையில என்னட்டைக் குடுக்க மருந்தில்லை.”

யோகலிங்கம் அப்பாவி மனிசன். வீட்டுக்கு வந்தவன் வேலிப் படலையைக் கயிற்றால் கட்டினான். வயலால் வந்தால் கிணற்றடியில் சாம்பல் போட்டுக் கை கழுவி, குளித்து, உடுப்பு மாற்றாமல் கமலாசனி அவனைப் பிள்ளைக்குக் கிட்ட விடமாட்டாள்.

ஆனால் எங்கள் ஊர்ச் சனத்தைக் கயிறு தடுக்குமா? பிள்ளை பார்க்கப் போகாவிட்டால் கோபமாம் என்று ஊரே கிளம்பியிருக்கும். தடுத்தது துடக்கு. பிள்ளை பிறந்த வீட்டில் முப்பத்தோராம் நாள் ஐயர் வந்து தீர்த்தம் தெளித்துக் கழிக்கும்வரை துடக்கு. அந்த வீட்டுக்குள் போனவர் கோயில் வாசலை மிதிக்க முடியாது. அதுவும் மார்கழி மாதம், திருவெம்பாவைக் காலம். ஒரு குருவிகூட அந்தப் படலையைத் தாண்டவில்லை.

முப்பத்தோராம் நாள் ஐயர் குடத்தோடு படலைக்கு வந்தார். வந்து, இரண்டு தரம் தும்மினார். உள்ளேயிருந்து கமலாசனியின் குரல் கேட்டது.

“ஐயா, குறை நினையாதேங்கோ. உங்களுக்கு மாறினாப் பிறகு வந்து கழிச்சுவிடுங்கோ.”

ஐயர் நல்ல மனிசர், திரும்பிப் போனார். ஆனால் விடியப்புறம் நாலு மணிக்கே பச்சைத் தண்ணீரில் தோய்ந்து திருவெம்பாவைப் பூசை செய்கிறவருக்குத் தடிமன் எங்கே மாறப்போகிறது? ஐயரின் தடிமன் மாறவில்லை; ஆகவே கமலாசனியின் துடக்கும் மாறவில்லை. பிள்ளைக்குப் பெயர்கூட வைக்கவில்லை. குஞ்சு என்று கூப்பிட்டார்கள்.

இப்படி இருக்கையில்தான் வீரையா கணக்கெடுக்க வந்தார். படலைக்கு வெளியே குடையைப் பிடித்தபடி நின்று கூப்பிட்டார்.

“தம்பி யோகலிங்கம், உங்கட வீட்டில எத்தினை பேருக்குத் தடிமன்?”

“ஒருத்தருக்கும் இல்லை அண்ணை.”

வீரையாவின் பேனை அந்தரத்தில் நின்றது. அவருடைய தாளில் ‘ஒருவர்’, ‘இருவர்’, ‘மூவரும் அதற்கு மேலும்’ என்று மூன்று கட்டங்கள் மட்டுமே இருந்தன.

“வடிவா யோசிச்சுச் சொல்லும். ஒருத்தருக்கும் இல்லையெண்டால் எழுத இடமில்லை.”

“இல்லையே அண்ணை, நான் என்ன செய்ய?”

“நேற்று, முந்தநாள் ஒருக்காத் தும்மியிருப்பீர்?”

“மனிசி மிளகாய் வறுக்கேக்கை தும்மினனான்.”

“அதைப் போடட்டோ?”

“அது மிளகாய் அண்ணை.”

வீரையா பெருமூச்சு விட்டுவிட்டுப் போனார். அன்று மாலையே குழு அவசரமாகக் கூடியது. ஊர் முழுவதும் மூக்கு ஒழுகும்போது ஒரு வீடு மட்டும் தப்பியிருக்கிறது என்றால், அது குழுவின் விழிப்பூட்டலால்தான் என்று ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். யோகலிங்கத்தின் வீடு ‘தடிமனற்ற மாதிரி இல்லம்’ என்று பிரகடனம் செய்யப்பட்டது. வருகிற வியாழக்கிழமை ஊர்மக்கள் யாவரும் ஊர்வலமாகச் சென்று அந்த இல்லத்தைப் பார்வையிடுவார்கள்.

சேதி கேட்ட யோகலிங்கம் தலைவர் வீட்டுக்கு ஓடினான். முற்றத்து வேப்பமரத்தோடு ஒதுங்கி நின்றான்.

“என்ன தூர நிக்கிறாய்? கிட்ட வா” என்றார் தலைவர், மூக்கைத் துடைத்தபடி.

“இல்லை ஐயா, இதில நிக்கிறன். வியாழக்கிழமை ஒருத்தரும் வரவேண்டாம் எண்டு கேக்க வந்தனான். பிள்ளைக்குத் தடிமன் தொத்திப்போடும் எண்டு பயமாக் கிடக்குது.”

“அட மடையா, அதுக்காகத்தானே வாறம். தடிமன் தொத்தாமல் இருக்கிறது எப்பிடியெண்டு சனத்துக்குக் காட்ட வேணுமெல்லோ.”

“ஒருத்தரும் வராததாலதான் ஐயா தொத்தேல்லை.”

“அதைத்தான் எல்லாரும் வந்து பாக்க வேணும்!”

யோகலிங்கத்துக்குத் தலை சுற்றியது. “டொக்டரும் சொன்னவர், தடிமன் உள்ள ஆக்களைக் கிட்ட விடவேண்டாமெண்டு.”

“டொக்டர் எங்கட குழுவில அங்கத்தவரோ?”

“இல்லை ஐயா.”

“அப்ப அவருக்கு இஞ்சத்தைய ஏற்பாடுகள் தெரியாது.”

கடைசியாக யோகலிங்கம், “வீட்டில துடக்குக் கிடக்கு ஐயா” என்றான்.

தலைவர் கதிரையை விட்டு எழுந்துவிட்டார். அவருக்குப் பிரியமான விடயம். “துடக்கு! மனிசன் சந்திரனில கால் வைச்சு எத்தினை வருசம்? வட்டக்கச்சி ஆக்கள் இன்னும் துடக்கு எண்டுகொண்டு நிக்கிறியள். நான் முப்பது வருசம் பிள்ளையளுக்கு விஞ்ஞானம் படிப்பிச்சனான். வியாழக்கிழமை முதல் ஆளா நான் உன்ர வீட்டுக்கை வந்து, பிள்ளையைத் தூக்கி, எல்லாருக்கும் முன்னால ஒரு கொஞ்சுக் கொஞ்சி, இந்த மூடநம்பிக்கையை அடியோட ஒழிக்கிறன். ஹச்!”

“தொண்டை அலுப்பு” என்றான் யோகலிங்கம், பழக்கத்தில்.

வீட்டுக்கு வந்து சொன்னபோது கமலாசனி பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். “கொஞ்சப் போறாராமோ? இந்த மூக்கோடையோ?” கண்டாவளையில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் பிள்ளையைக் கொண்டு ஓடிவிடலாமா என்று யோசித்தார்கள். அங்கேயும் குழு அமைத்துவிட்டார்கள் என்று கேள்வி. மழையும் விடவில்லை. ஓட இடமில்லாமல் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

வியாழக்கிழமை ஊர்வலம் வந்தது. முன்னால் நாதஸ்வரம், வாசிப்பவருக்கு மூக்கடைப்பு என்பதால் அன்றைய ராகத்தை எங்களால் அடையாளம் காண முடியவில்லை. அதற்குப் பின்னால் தட்டத்தில் சவுக்காரம். அதற்குப் பின்னால் மாலையோடு தலைவர். அவர் வந்த மோட்டார்சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடுவது. புகையில் தடிமன் இல்லாதவர்களும் இருமினார்கள். பின்னால் ஊர். சந்தனக் கிண்ணம் ஒன்று கைமாறிக் கைமாறி வந்தது. எல்லோரும் அதற்குள் விரல் விட்டார்கள்.

படலைக்குக் குறுக்கே ஒரு சிவப்பு நாடா கட்டியிருந்தார்கள். படலைக்கு உட்பக்கம் யோகலிங்கம் நின்றான். வேட்டி கட்டி, திருநீறு பூசி, தூக்குக்குப் போகிறவனின் முகத்தோடு நின்றான்.

தலைவர் பேசினார். விஞ்ஞானம் பேசினார், சந்திரன் பேசினார், அறியாமை இருளைப் பேசினார். துடக்கென்பது மனதிலே உள்ள அழுக்கு என்றார். பிறகு நாடாவை வெட்டிவிட்டு, செருப்பைக் கழற்றி, வலது காலைத் தூக்கினார்.

யோகலிங்கம் கையெடுத்துக் கும்பிட்டான். அவனுக்குச் சூதுவாது தெரியாது. இரவு முழுக்க யோசித்ததில் அவன் மனதில் பட்ட ஒரே ஒரு விடயத்தைத்தான் சொன்னான்.

“ஐயா, ஒரு நிமிசம் பொறுங்கோ. நான் ஒருக்கா ஓடிப்போய்க் கோயிலுக்கு வெளியில நிண்டு ஐயரிட்டைச் சொல்லிப்போட்டு வாறன். நாளைக்குத் திருவெம்பாவைக் கடைசிப் பூசை எல்லோ? உங்களுக்குக் காளாஞ்சி குடுக்கிறதெண்டு இருக்கினம். நீங்கள் துடக்கு வீட்டுக்கை வந்து போட்டுக் கோயிலுக்குப் போக ஏலாதே. வேற ஆருக்கும் குடுக்கச் சொல்ல வேணும். பிறகு என்னாலதான் குழப்பம் வந்ததெண்டு வேண்டாம்.”

தலைவரின் கால் அப்படியே நின்றது.

காளாஞ்சி என்றால் தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்த ஒரு தட்டம்தான். ஆனால் ஊர் பார்த்திருக்க, மேளம் கொட்ட, ஐயர் அதை முதல் யார் கையில் கொடுக்கிறாரோ அவர்தான் அந்த வருசம் ஊரின் பெரிய மனிசன். தலைவர் அதற்காக மூன்று வருசம் பாடுபட்டிருந்தார்.

“அவன் சொல்லுறதும் சரிதான், ஐயரிட்டைச் சொல்லத்தான் வேணும்” என்றார் பின்னால் நின்ற குழுவின் உபதலைவர். சொல்லும்போதே சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

முதலில் அசைந்தவர் நாதஸ்வரக்காரர். நாளைக்கு அவர் கோயிலில் வாசிக்கவேண்டும். மூன்று எட்டுப் பின்னுக்குப் போனார். பிறகு தவில்காரர். பிறகு சந்தனக் கிண்ணம். பிறகு ஊரே பின்வாங்கியது. வீரையா எப்போது தெருவின் மறுகரைக்குப் போனார் என்று யாரும் காணவில்லை. தடிமனைத் தொத்தவிடாமல் தள்ளி நில்லுங்கள் என்று அந்த மார்கழி முழுவதும் எவர் சொல்லியும் கேளாத சனம், ஒரு கணத்தில் படலைக்கும் தமக்கும் இடையே ஒரு வண்டில் திரும்பக்கூடிய இடைவெளியை விட்டு நின்றது.

தலைவர் மெல்லக் காலை இறக்கினார். செருப்புக்குள் இறக்கினார்.

“நான் துடக்குப் பாக்கிறேல்லை. அது எல்லாருக்கும் தெரியும்” என்றார். “ஆனால் பொதுவாழ்க்கையில இருக்கிறவன் சனத்தின்ர மனம் நோகாமல் நடக்க வேணும். விஞ்ஞானத்தை நாளைக்கும் வளர்க்கலாம், நாளன்றைக்கும் வளர்க்கலாம். பூசை வருசத்தில ஒருக்காத்தான் வரும்.”

ஆகவே மாதிரி இல்லம் வேலிக்கு வெளியே நின்றபடியே பார்வையிடப்பட்டது. கமலாசனி குசினி வாசலில் நின்று பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். துணிப்பொட்டலத்துக்குள் ஒரு சின்ன மூக்கு தெரிந்தது, உலர்ந்த மூக்கு. அன்றைக்கு வட்டக்கச்சியில் அப்படி ஒரு மூக்கைப் பார்ப்பதற்கு நடந்து வந்தது வீண்போகவில்லை என்றே எனக்குப் பட்டது. தலைவர் காற்றில் ஒரு கொஞ்சல் அனுப்பினார். வாடைக்காற்று வீட்டுப் பக்கமிருந்து தெருவுக்கு வீசிக்கொண்டிருந்ததால் அது அவருக்கே திரும்பி வந்திருக்கும்.

தை பிறந்தது, மழை ஓய்ந்தது, எங்கள் தடிமனும் தானாக மாறியது. குழு அதைத் தன் வெற்றியாக அறிவித்து மீளாய்வுக் கூட்டம் வைத்தது. ஒரு வீடு மட்டும் தப்பியது எதனால் என்று நீண்ட நேரம் ஆராய்ந்து, துடக்கினால் என்று கண்டுபிடித்தார்கள். அதையொட்டி ஒரு சுற்றறிக்கை வந்தது. அடுத்த மாரிக்கு முன்னர் ஊரிலுள்ள சகல வீடுகளும் துடக்குக் காக்க வேண்டும் என்றும், துடக்குக்கான காரணம் இல்லாத வீட்டார் உரிய காலத்தில் நடவடிக்கை எடுத்துக் குழுவுக்கு அறியத்தர வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. அறுபது வயதைத் தாண்டிய சில தம்பதிகள் விலக்குக் கேட்டு விண்ணப்பித்தார்கள்.

ஐயருக்கும் மாறியது. வந்து தீர்த்தம் தெளித்தார். பிள்ளைக்குப் பிரியந்தினி என்று பெயர் வைத்தார்கள். வீரையாவும் வந்தார், இந்தத் தரம் படலையைத் தாண்டி உள்ளே வந்து கதிரையில் இருந்தார்.

“தம்பி, மாதிரி இல்லம் எண்ட தகுதி ஒரு வருசத்துக்குத்தான். வாற மார்கழியிலையும் இந்த வீட்டில துடக்கு இருந்தால்தான் புதுப்பிக்கலாம். அதுதான், இப்பவே ஆயத்தம் செய்தியள் எண்டால்…”

யோகலிங்கம் வெட்கப்பட்டு நிலத்தைப் பார்த்தான். கமலாசனி பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி குசினிக்குள்ளிருந்து வந்தாள்.

“வீரையா அண்ணை, இந்த ஒண்டைப் பெற எனக்கு ஒன்பது வருசம் சென்றது. அடுத்ததைக் குழு சொல்லுற நாளுக்குப் பெற வேணுமெண்டால், தலைவரையே சுமக்கச் சொல்லுங்கோ. வயிறு தெரியேக்கை தொண்டை அலுப்பெண்டு எழுதிவிடலாம்.”

வீரையா பேனையைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, “தேத்தண்ணி ஏதும் இருக்கோ பிள்ளை?” என்று கேட்டார். நான் அறிய, வீரையா எதையும் எழுதாமல் எழும்பிப்போன வீடு அது ஒன்றுதான்.

பங்குனியில் பிரியந்தினிக்குத் தடிமன் வந்தது. அதற்குள் பிள்ளை நன்றாகத் தேறி, கன்னம் வைத்து, கைகால் உதறத் தொடங்கிவிட்டாள். முதல் இரவு யோகலிங்கமும் கமலாசனியும் கண்மூடவில்லை. பிள்ளையின் நெஞ்சில் மாறி மாறிக் காதை வைத்துப் பார்த்தார்கள். சளி நெஞ்சுக்கு இறங்கவில்லை. இரண்டொரு நாள் மூக்கு ஒழுகியது, சிணுங்கினாள், பிறகு எங்கள் எல்லோருக்கும் மாறியது போல அவளுக்கும் மாறியது. யோகலிங்கத்துக்கு அந்தச் சந்தோசத்தை ஊர் முழுக்கச் சொல்லவேண்டும் போல இருந்தது. கமலாசனி அவன் வாயைப் பொத்தினாள். குழுவுக்குத் தெரிந்தால் பார்க்க வந்துவிடுவார்கள்.